முகம் பார்க்கும் வண்டி

ஊருணித் தெருவில், ஒரே இரும்புக் கேட்டும் ஒரே அடிபம்பும் ஐந்து வீடுகளுமாக இருந்த வளவுக்குள், மூன்றாவது வீட்டு மாரிக்கனியின் மோட்டார் சைக்கிள் முகம் பார்க்க ஆரம்பித்தது ஒரு பங்குனி மாசச் செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு கேஸ் சிலிண்டர் வந்தது. வளவில் எல்லாருக்கும் தேதி மறக்காமல் இருப்பது அதனால்தான்.

அந்த வருஷம் மாசி பிறந்ததிலிருந்தே கோவில்பட்டியில் பட்டப்பகலில் வண்டிகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. வாத்தியார் ஒருவர் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அவர் வண்டி போனது, பலசரக்குக் கடைக்காரர் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் அவர் வண்டி போனது, தெருக்கோடி வீட்டில் சங்கிலி போட்டு வேப்பமரத்தோடு பூட்டியிருந்த வண்டியும் போனது. சங்கிலி மட்டும் பூட்டு திறக்காமல் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றது. இதையெல்லாம் கேட்டுக் கேட்டுத்தான் மாரிக்கனியின் புருஷன் அய்யாத்துரை வாசல்படியில் பலகை போட்டு, தன் வண்டியைத் தள்ளிக்கொண்டுவந்து வீட்டுக்குள்ளேயே நிறுத்தினான். வீடு என்றால் ஒரே அறை. அதில் அடுப்பு ஒரு மூலை, பீரோ ஒரு மூலை, விட்டத்தில் சேலைத் தொட்டில், தொட்டிலுக்கு அடியில் பாதியும் வெளியில் பாதியுமாக வண்டி.

அது பதினோரு வருஷத்துப் பழைய சிவப்பு வண்டி. அய்யாத்துரை சிவகாசியில் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தான். விடிவதற்கு முன்னால் கம்பெனி வேன் வரும், பிள்ளை தூங்கின பிறகுதான் திரும்பக் கொண்டுவந்து விடும். மகள் கவிநிலா பிறந்து நாலு மாசத்தில் அவளுடைய திறந்த கண்ணை அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் பார்த்திருக்கிறான். அதனால்தான் சித்திரை ஒன்றாம் தேதியோடு கம்பெனியை விட்டு நின்றுவிடுவது, வண்டியில் பிளாஸ்டிக் குடங்களைக் கட்டிக்கொண்டு பக்கத்துக் கிராமங்களுக்குப் போய் விற்றுவிட்டு மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடுவது என்று ஒரு திட்டம் வைத்திருந்தான். வண்டி முன்கூட்டியே வந்துவிட்டது. சித்திரை வருகிறவரைக்கும் அதைக் காப்பாற்ற வேண்டியது மாரிக்கனியின் பொறுப்பு.

"கண்ணு மாதிரி பாத்துக்க கனி," என்று வேன் ஏறும்போது தினமும் சொல்லுவான். "அது போச்சுன்னா நம்ம பொழப்பு போச்சு."

மாரிக்கனி ஆறாம் வகுப்போடு நின்றவள். கேட் பக்கம் ஆண்குரல் கேட்டால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள், பால்காரரிடம் லிட்டர் கணக்கை விரலால்தான் காட்டுவாள். ஒரு பொருளைக் களவு போகாமல் எப்படிக் காப்பது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு பிள்ளையை எப்படிக் காப்பது என்று மட்டும் தெரியும். ஆகவே கவிநிலாவைக் குளிப்பாட்டின கையோடு வண்டியையும் ஈரத்துணியால் துடைத்தாள், பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டின புகையில் வண்டிக்கும் காட்டினாள், பிள்ளையின் கன்னத்தில் மை வைத்த விரலில் மீதி இருந்ததைப் பெட்ரோல் டேங்கின் ஓரத்தில் வைத்தாள், வெள்ளிக்கிழமை உப்பும் மிளகாயும் இரண்டுக்கும் சேர்த்தே சுற்றி அடுப்பில் போட்டாள், ஹேண்டில் பாரில் கறுப்புக் கயிறு கட்டினாள். தண்ணீர் எடுக்க வெளியே போகும்போது தொட்டிலுக்குப் பக்கத்தில் காவலுக்கு ஒரு இரும்பு வைப்பதுபோல, முழுக்க இரும்பாலான அந்த வண்டிக்குப் பக்கத்திலும் ஒரு ஆணியை வைத்துவிட்டுத்தான் போனாள். பிள்ளையோடு பேசுகிறபோது அதையும் விட்டுவிடாமல் "சின்னவனே" என்று ஒரு வார்த்தை கூப்பிட்டுக்கொள்வாள். அதை யாரும் கேட்டதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை சிலிண்டர் கொண்டுவந்த ஆள், அடுப்புப் பக்கம் போக வழியில்லாமல் வண்டியைச் சற்று நகர்த்தலாம் என்று சீட்டில் கை வைத்தான். வண்டி அழுதது. ஹாரன் சத்தம் இல்லை, இன்ஜின் சத்தமும் இல்லை. டேங்குக்கு அடியில் எங்கிருந்தோ தொண்டையைக் கிழித்துக்கொண்டு வருகிற, மூச்சு நின்று நின்று வருகிற, பச்சைப் பிள்ளையின் அழுகை. ஹேண்டில் பார் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. கார்புரேட்டரிலிருந்து இரண்டு சொட்டுப் பெட்ரோல் வடிந்தது. கவிநிலா தொட்டிலில் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

சத்தம் கேட்டு முதல் வீட்டுச் செண்பகம் வந்தாள். நாலு பெற்றவள், வளவில் எந்தப் பிள்ளைக்கு என்ன வந்தாலும் அவள் வந்து பார்த்துச் சொன்னால்தான் அதற்குப் பெயர். சிலிண்டர்காரனைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள்.

"ஏளா, முகம் பாக்க ஆரம்பிச்சிருச்சு," என்றாள்.

முகம் பார்ப்பது என்றால், கொஞ்ச மாசம் வரைக்கும் பிள்ளை யார் எடுத்தாலும் போகும், அப்புறம் ஒருநாள் திடீரென்று ஆளைப் பிரித்துப் பார்க்கும். தெரிந்த முகத்துக்குச் சிரிக்கும், தெரியாத முகத்துக்கு வளவே இடிந்து விழுகிற மாதிரி அழும். சிலிண்டர்காரனுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தன. "என் மீசையைப் பாத்தா எல்லாப் பிள்ளையும் அழும்க்கா," என்று வருத்தப்பட்டுச் சிலிண்டரை வாசலிலேயே இறக்கிவிட்டுப் போனான். மாரிக்கனி சீட்டைத் தட்டிக் கொடுத்தாள். வண்டி விம்மி விம்மி அடங்கியது.

வளவுக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. சொல்லப்போனால் நிம்மதிதான். மற்ற நாலு வீட்டுக்காரர்களும் தங்கள் வண்டிகளை மூன்றாவது வீட்டுச் சுவரை ஒட்டி நிறுத்தினார்கள், புது ஆள் யார் கேட்டைத் தாண்டினாலும் உள்ளேயிருந்து சிணுங்கல் கேட்டது, மீட்டர் பார்க்க வருகிறவர் கேட்டிலேயே கையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே வரப் பழகினார். விஷயம் பரவி, ஊருணித் தெரு வண்டிகள் எல்லாம் டேங்கில் மைப் பொட்டோடு திரிந்தன. ஆனால் ஒன்றுகூட அழவில்லை.

"பொட்டு வச்சாப் போதுமா?" என்றாள் செண்பகம். "வளக்குற விதத்துல வளக்கணும்."

தொந்தரவு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அய்யாத்துரை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, வண்டியைத் துடைக்கலாம் என்று கிட்டே போனான். அது அழுதது. அதைக் கேட்டு முழித்துக்கொண்ட கவிநிலாவைத் தூக்கினான். அவளும் அழுதாள். ஒரு அறைக்குள் இரண்டு அழுகையையும் தாங்க முடியாமல் அவன் வாசல் பலகையில் போய் உட்கார்ந்துகொண்டான். மாரிக்கனி உள்ளே ஒரு கையால் தொட்டிலை ஆட்டி, ஒரு கையால் சீட்டைத் தட்டினாள்.

"என் வண்டி, என் பிள்ளை," என்றான் அவன், வெளியே போகிற ஆட்களிடம் சொல்லுகிற மாதிரி. "ரெண்டுக்கும் நான் பக்கத்து ஊர்க்காரன்."

"ஏண்ணே, நீங்க என்னைக்குப் பகல்ல வந்திருக்கீக?" என்றாள் செண்பகம். "அது என்ன செய்யும் பாவம்."

கம்பெனியிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. அவன் இடத்துக்கு வேறு ஆளும் போட்டுவிட்டார்கள். முதல் லோடு குடங்கள் வந்து இறங்கி, பச்சையும் நீலமும் ரோஸுமாகக் கேட் உயரத்துக்கு நின்றன. வண்டி அவனை ஏற்றாவிட்டால் சித்திரையில் அவர்களுக்கு ஒன்றுமே கிடையாது. மெக்கானிக் லாரன்ஸை அழைத்துவந்தார்கள். அவர் காதைப் பொத்திக்கொண்டு பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், செயினைப் பார்த்தார், எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார்.

"வண்டியில ஒரு குத்தமும் கிடையாது. இது பிள்ளைக் கோளாறு. நான் கை வைக்கமாட்டேன்பா, நர்ஸம்மாவைக் கேளுங்க."

தடுப்பூசி போட வருகிற நர்ஸம்மா கவிநிலாவை எடை போட்டு முடித்துவிட்டு வண்டிப் பக்கம் திரும்பினாள். எத்தனை மாசம் என்று கேட்டாள். மாரிக்கனி தலையைக் குனிந்துகொண்டு விரலைக் காட்டினாள்.

"பதினோரு வருஷத்து மாடல் நர்ஸம்மா," என்று செண்பகம் எடுத்துச் சொன்னாள். "வீட்டுக்கு வந்து ரெண்டு மாசம்."

"ரெண்டு மாசத்துல முகம் பாக்குதா. சூட்டிகைதான். ஒண்ணும் பயமில்ல. அம்மா இல்லாத நேரம் அம்மா சேலையைப் பக்கத்துல போட்டா பிள்ளை சும்மா இருக்கும்ல, அதுதான் வைத்தியம். அம்மா வாசனை இருக்கணும். துவைச்சுப் போட்ட துணி ஆகாது, உடுத்தின துணியா இருக்கணும்."

மாரிக்கனியின் சேலையைத் தோளில் போட்டுப் பார்த்தான் அய்யாத்துரை. சிணுங்கல் நிற்கவில்லை. தலைப்பாகை கட்டிப் பார்த்தான், அதற்கும் நிற்கவில்லை. அவள் எந்நேரமும் போட்டிருப்பது மஞ்சள் பூப் போட்ட பச்சை நைட்டி. வளவு முழுக்க ஒரே நேரத்தில் அதைத்தான் நினைத்தது. கடைசியில் செண்பகம்தான், "மானம் பாத்தா குடம் விக்குமாண்ணே?" என்றாள்.

சித்திரை ஒன்றாம் தேதி காலையில், பச்சை நைட்டியும் அதற்கு மேல் பெண்கள் போடுகிற மாதிரியே மாரில் ஒரு துண்டுமாக, நாற்பது குடங்களைக் கொத்துக் கொத்தாகக் கட்டிக்கொண்டு அய்யாத்துரை ஊருணித் தெருவில் போனான். வண்டி முனங்கக்கூட இல்லை. தெருவே வாசலில் நின்று பார்த்தது, ரெண்டு நாள் பார்த்தது, மூணாம் நாள் அவரவர் வேலையைப் பார்க்கப் போனது. கிராமங்களில் முதலில் நாய்கள் மட்டும் குரைத்தன. பிறகு நைட்டிக்காரரிடம் பேரம் பேச எந்தப் பெண்ணும் கூசவில்லை, பக்கத்தில் வந்து நின்று குடத்தைத் தட்டிப் பார்த்தார்கள், குடக்கார அக்கா என்றே கூப்பிட்டார்கள், இளையரசனேந்தலில் ஒரு அம்மாள் அவன் நைட்டியின் தையல் விட்டுப்போன இடத்தை நிற்க வைத்தே தைத்துக் கொடுத்தாள்.

பன்னிரண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவான். நைட்டியைக் கழற்றிக் கொடியில் போடுவான், மாரிக்கனி அதை எடுத்து உடுத்திக்கொள்வாள், அப்போதுதான் மறுநாளைக்கு வாசனை ஏறும். அவன் லுங்கியும் பனியனுமாகக் கவிநிலாவுக்கு எதிரில் உட்கார்ந்துகொள்வான். முதல் வாரம் அழுதாள். இரண்டாவது வாரம் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு பார்த்தாள். மூன்றாவது வாரம் அவன் மூக்கைப் பிடித்து இழுத்தாள். நாலாவது வாரம் அவன் கேட்டைத் திறக்கிற சத்தத்துக்கே தொட்டிலிலிருந்து கையை நீட்டினாள். வண்டி மட்டும் நைட்டி இல்லாமல் அவனை அண்டவிடவில்லை.

வைகாசியில் ஒரு புதன்கிழமை, குடம் எடுக்க அய்யாத்துரை பஸ் ஏறி மதுரைக்குப் போயிருந்தான். அன்றைக்குத் தெருக்குழாயில் ஒன்பது நாளைக்குப் பிறகு தண்ணீர் விட்டார்கள். காலை பத்து மணி இருக்கும், ஊருணித் தெருவின் அத்தனை பெண்களும் அத்தனை குடங்களோடும் தெருமுக்கில் நின்றார்கள். மாரிக்கனி கவிநிலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் கடைசியில் நின்றாள். அவசரத்துக்கு வளவில் யாரும் கதவைப் பூட்டவில்லை. இப்படி ஒரு வண்டியை வைத்துக்கொண்டு எதற்குப் பூட்டு? அவள் தண்ணீர் எடுக்கச் சேலை மாற்றிக்கொண்டு, உடுத்தியிருந்த நைட்டியைக் கொடியில் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

ஊர் முழுக்கத் தெரிந்த வைத்தியம் திருடனுக்கும் தெரியும். அவன் உள்ளே போனான், நைட்டியை மாட்டினான், துண்டை மாரில் போட்டான், வண்டியைப் பலகை வழியாக இறக்கினான். அது தூக்கக் கலக்கத்தில் அவனோடு போனது.

முக்கு வழியாகத்தான் போக வேண்டும். குழாயடியில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்: சிவப்பு வண்டி, பச்சை நைட்டி, மஞ்சள் பூ.

"என்னண்ணே, இன்னைக்குக் குடம் கட்டலையா?" என்றாள் செண்பகம்.

வண்டிக்காரன் தலையை ஆட்டினான்.

"அண்ணன் பேசமாட்டாக. மாரிக்கனி மயினி மாதிரியே வெக்கம் வந்திருச்சு," என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்து வழிவிட்டார்கள். ஒருத்தி தன் குடத்தைக் காலால் நகர்த்திக்கூடக் கொடுத்தாள்.

மாரிக்கனியும் அய்யாத்துரை மதுரையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டான் என்றுதான் நினைத்தாள். கவிநிலாவைத் திருப்பி, "அப்பா பாரு," என்று காட்டினாள். கவிநிலா பார்த்தாள். நைட்டியைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது, மூச்சை இழுத்தாள், அழுதாள்.

அந்த அழுகை மாரிக்கனிக்குத் தெரியும். பசிக்கு ஒரு மாதிரி, தூக்கத்துக்கு ஒரு மாதிரி, தெரியாத ஆளுக்கு இந்த மாதிரி. வண்டி முக்கைத் தாண்டி மெயின் ரோட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. செண்பகத்தின் கையைப் பிடித்தாள், வாயைத் திறந்தாள், காற்றுத்தான் வந்தது. பால்காரரிடம் பேசாத வாய், மாமியாரிடம் மூணு வார்த்தைக்கு மேல் போகாத வாய். விரலைக் காட்டினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. வண்டி வேப்பமரத்தைத் தாண்டியது.

"ஏ சின்னவா," என்று அவள் கூப்பிட்டாள்.

அந்தக் குரல் அவளுக்குள் எங்கே இருந்தது என்று இன்றைக்கும் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். நிரம்பிக்கொண்டிருந்த குடங்களில் தண்ணீர் நடுங்கியது, மெயின் ரோட்டில் டவுன் பஸ் டிரைவர் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பிரேக் போட்டார். "சின்னவா, யார் கூடய்யா போற? அம்மா இங்க நிக்கேன்ல?"

வண்டி நின்றது. ஹேண்டில் பார் மெல்லத் திரும்பியது. குழாயடியில் நின்ற அவளைப் பார்த்தது, மேலே உட்கார்ந்திருந்த முகத்தைப் பார்த்தது. பிறகு அடம்பிடிக்கிற பிள்ளை தெருவில் விழுந்து புரளுகிற மாதிரி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து, சக்கரங்களை உதைத்துக்கொண்டு, பெட்ரோல் வடிய வடிய அழுதது. திருடன் நைட்டி காலில் சிக்கி விழுந்தான். எழுந்திருப்பதற்குள் முப்பது பெண்களும் முப்பது நிறைகுடங்களும் அவனைச் சுற்றி நின்றன.

"என்னை என்ன வேணும்னாலும் செய்ங்க," என்றான் அவன், காதைப் பொத்திக்கொண்டு. "முதல்ல அதைத் தூக்குங்கக்கா. கேக்க முடியல."

"பிள்ளையை ஏமாத்திக் கூட்டிட்டுப் போறவனுக்குக் கேக்க முடியலையாம்," என்றாள் செண்பகம். "வீட்ல பிள்ளை இருக்கா உனக்கு?"

"ரெண்டு இருக்கு. இப்படி அழுவாது."

"நீ வீட்ல இருந்தாத்தான தெரியும்."

மாரிக்கனி வண்டியைத் தூக்கி நிறுத்தி, சீட்டில் முகத்தை வைத்துக்கொண்டாள். ஏட்டையா வந்து விசாரித்து எழுதிக்கொண்டார். தாய் கூப்பிட்டவுடன் மேற்படி வாகனம் அழுதபடி சாலையில் படுத்துவிட்டது என்று எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். சட்டப்படி வண்டியை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வேண்டும். ஸ்டாண்டில் கை வைத்தார். அது அழுத அழுகையில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பின்னால் வந்துவிட்டார்.

"இது அங்க நின்னா நாங்க கேஸ் எழுத முடியாதும்மா. வீட்லயே இருக்கட்டும். அந்த நைட்டியைக் குடுங்க, அது போதும் சாட்சிக்கு."

நைட்டியை உறையில் போட்டு அரக்கு வைத்துக்கொண்டு போனார்கள். கேஸ் முடிகிறவரைக்கும் வராது என்றார்கள்.

மறுநாள் காலை ஐந்து வீடும் வாசலில் நின்றது. மாரிக்கனியிடம் இன்னும் ரெண்டு நைட்டிகள் இருந்தன. அவற்றில் ஒன்றை அய்யாத்துரை மாட்டிக்கொண்டு கிட்டே போனான். வண்டி நைட்டியைப் பார்த்ததுமே வீறிட்டது. ஒருதரம் ஏமாந்த பிள்ளை இனி எந்த நைட்டியையும் நம்பாது என்று செண்பகம் சொன்னாள். அவன் அதைக் கழற்றிப் போட்டான். கட்டிவைத்த குடங்கள் ஒரு பக்கம், பேண்ட்டும் சட்டையுமாக அவன் ஒரு பக்கம். கை வைக்கப் பயந்து நின்றான்.

"பிள்ளையைக் கையில வச்சிக்கிட்டுப் போங்க," என்றாள் மாரிக்கனி. அத்தனை பேருக்கு முன்னால், சத்தமாக, புருஷனைப் பார்த்து. "அக்கா போறதைப் பாத்தாத்தான் தம்பி போகும்."

கவிநிலா அவன் தோளில் ஏறிக் காதைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவன் அப்படியே நடந்துபோய் வண்டிக்கு எதிரில் குந்தினான். வண்டி ஒருமுறை சிணுங்கியது. ஹேண்டில் பார் கவிநிலா பக்கம் திரும்பியது, அவள் பிடித்திருந்த காதின் பக்கம் திரும்பியது, அங்கேயே நின்றது. அவன் கையை நீட்டவில்லை. செண்பகம் வீட்டில் பால் பொங்கி வழிந்தது, அவள் போகவில்லை. பிறகு முன்சக்கரம் தானாக ஒரு சாண் உருண்டு வந்து அவன் முழங்காலில் இடித்தது.

அன்றைக்கு அவன் போனான், மத்தியானம் வந்தான். மறுநாளும் போய் வந்தான். மூன்றாம் நாள் அவன் சோறு தின்றுகொண்டிருந்தபோது, மாரிக்கனி வழக்கம்போல ஈரத்துணியோடு போய்ச் சீட்டில் கை வைத்தாள். ஹேண்டில் பார் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. அடியில் எங்கிருந்தோ ஒரு சிணுங்கல் கிளம்பியது.

அவள் கையை எடுத்துவிட்டாள்.

"போச்சு, அப்பன் பிள்ளை ஆயிருச்சு," என்று செண்பகம் வாசலில் நின்று சிரித்தாள். "இத்தனை மாசம் துடைச்சது நீயி."

மாரிக்கனி துணியைப் பிழிந்து வாளியில் போட்டுவிட்டுக் கொடிப் பக்கம் போனாள். அய்யாத்துரை சோற்றுக் கையோடு எட்டிப் பார்த்தான். அவள் கொடியில் கிடந்த அவனுடைய சட்டையை, இரண்டு நாள் போட்டு வியர்வை காயாத சட்டையை, காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் மாதிரி சேலைக்கு மேலே மாட்டி, கழுத்து வரைக்கும் பொத்தானைப் போட்டு, கையை மடித்துவிட்டுக்கொண்டு திரும்ப வண்டிக்கு வந்தாள்.